இறக்கையில் ஒரு கட்டைவிரல்

பல்லாவரத்தில் அன்று பெய்தது சாதாரண மழை இல்லை. ரயில் நிலையத்துச் சுரங்கப்பாதையில் ஒரு கெளுத்தி மீன், டிக்கெட் எங்கே கொடுக்கிறார்கள் என்று விசாரித்ததாக நம்பத் தகுந்த இரண்டு பேர் சொன்னார்கள். மூன்றாவது ஆள், அது கெளுத்தி இல்லை, விரால் என்றார். மற்றபடி எல்லாரும் ஒத்துப்போனார்கள்.

அந்த மழையில்தான் ஜெயகிருஷ்ணன், பொழிச்சலூர் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தான். தாம்பரத்துக்காரன். முப்பதை நெருங்கியும் கல்யாணம் தட்டிக்கொண்டே போனதால், சனிக்கிழமைதோறும் பொழிச்சலூர் சனீஸ்வரனுக்கு எள் தீபம் ஏற்றிவிட்டு வரச்சொல்லி அவன் அம்மா ஹேமாவதி உத்தரவு போட்டிருந்தாள். அவனுக்குச் சனி பிடித்திருந்ததோ இல்லையோ, எண்ணெய்க் கறை சட்டையில் நன்றாகப் பிடித்திருந்தது.

ஆட்டோ நகரப் போகும் நேரத்தில் ஒரு பெண் ஓடி வந்தாள். தலையில் துப்பட்டா. கையில், ஆள் உயரத்தில் முக்கால்வாசிக்கு ஒரு பொருள். பாலிதீன் உறைக்குள் சிவப்பாக மின்னியது.

ஓட்டுநர் குப்புராஜ் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது? கதவா, கட்டிலா?"

"ரெக்கைங்க."

"எதுனோட ரெக்கை?"

"விமானத்தோடது."

குப்புராஜ் சாலையின் பின்பக்கத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "மீதி விமானம் பின்னாடி வந்துகினு கீதா?"

"அது வீட்ல இருக்கு. நீங்க எடுங்கண்ணா."

அவள் ஏறி, ஜெயகிருஷ்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உறை நனைந்துவிட்டதால் அதை உருவி மடித்தாள். இறக்கையின் ஒரு முனை அவள் மடியில். மறு முனைக்கு இடமில்லை.

"சார், கொஞ்சம் இதை மடியில வச்சுக்கறீங்களா? ஜாக்கிரதை... ரொம்ப மெல்லிசு."

அவன் நிமிர்ந்தான். மழையில் கரைந்தும் கரையாமலும் மை தீட்டிய இரண்டு கண்கள்... இமை ஓரத்தில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஜெயகிருஷ்ணன் தலையாட்டினான். ஒழுங்காக ஆட்டினோமா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

இறக்கை மடிக்கு வந்தது. எலும்பு மாதிரி மெல்லிய சட்டங்கள், பால்சா என்கிற எடையே இல்லாத மரத்தில் செய்தவை. மேலே வழவழவென்று இழுத்து ஒட்டிய சிவப்பு பிலிம்.

இங்கே அவனுடைய தொழிலைச் சொல்ல வேண்டும். படப்பைக்கு அப்பால் பால் பாக்கெட்டுக்கு பிலிம் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் அவன் தரம் பார்க்கிறவன். காலையிலிருந்து மாலை வரை பிலிமை இழுப்பது, அழுத்துவது, குத்துவது, கிழிப்பது... இதுதான் வேலை. வேலை முடிந்தாலும் கை ஓய்வதில்லை. காய்கறிக் கடையில் கத்தரிக்காயைப் பார்க்க மாட்டான், பையை இழுத்துப் பார்ப்பான். ஒரு துக்க வீட்டில் மாலைக்குச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை விரலால் நீவி, "நல்ல சரக்கு" என்று சொல்லிவிட்டான். ஹேமாவதி இன்றுவரை அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.

அவன் கட்டைவிரல் தானாக எழுந்தது. தானாகப் போனது. சிவப்புப் பரப்பின் நட்டநடுவில் தானாக அழுத்தியது.

டப்.

விரல் உள்ளேயே இருந்தது. எடுத்தால் ஓட்டை தெரியுமே என்று அவன் அதை எடுக்கவில்லை.

"என்ன பண்ணீங்க?"

"அழுத்திப் பார்த்தேன்ங்க..."

"ஏன்?"

"எவ்வளவு தாங்கும்னு..."

"தாங்கலையே!"

"ஆமாங்க. சுமார்தான்."

அந்தக் கண்கள் பெரிதாயின. ஏற்கனவே பெரிய கண்கள். அதற்கு மேல் பெரிதாக முகத்தில் இடமில்லை.

"சுமாரா? இது வெளிநாட்டு பிலிம்! வரவழைக்க எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா? ரோலே தீர்ந்துபோச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை இது பறக்கணும். நீங்க யாரு சார், எங்கேருந்து வர்றீங்க?"

"சனீஸ்வரன் கோயிலுக்குப் போறேன்ங்க."

"நேரா அங்க போக வேண்டியதுதானே! வழியில என்கிட்ட ஏன் இறங்கறீங்க?"

குப்புராஜுக்குக் கண்ணாடி வழியாக ஒரு பேஜாரும் இல்லாத பொழுதுபோக்கு. "சாரு, வெரலை எட்த்துடு. உள்ளயே வச்சுகினு இருந்தா ஒட்டிக்காது."

விரலை எடுத்தான். ஓட்டை வழியாக மழைச்சாரல் உள்ளே போனது.

வெட்கம் தாங்காமல்தான் ஜெயகிருஷ்ணன் அந்த வார்த்தையைச் சொன்னான். "எங்க பிலிம் போட்டிருந்தா கிழிஞ்சே இருக்காதுங்க. பால் பாக்கெட் பிலிம். ஆள் ஏறி மிதிச்சாலும் தாங்கும்."

"பால் கவர்ல விமானமா? மேல பறக்காது சார். காலையில வீடு வீடா வாசல்ல போய் விழும்."

குப்புராஜ் சிரித்த சிரிப்பில் ஆட்டோ ஒரு பள்ளத்தைத் தாண்டிக் குதித்தது. ஜெயகிருஷ்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய பிலிமை இதுவரை யாரும் கேலி செய்ததில்லை. கோபம் வந்திருக்க வேண்டும்... ஆனால் அவளுடைய கோபத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலத்தான் வந்தது.

"சோதிச்சுப் பார்த்துடலாமாங்க?" என்றான்.

"பார்த்துடலாம். நாளைக்கு வாங்க. எது கிழியாம நிக்குதோ அது ஜெயிச்சுது. பிள்ளையார் கோயில் தெரு, கடைசி வீடு. கார் ஷெட் இருக்கும், கார் இருக்காது."

அன்று அவள் நினைப்பில் அவன் ஏற்றிய எள் தீபம் பக்கத்தில் இருந்தவருடைய விளக்கு. அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் இன்னும் ஆகவில்லை என்று இப்போது தெரிகிறது.

*

அவள் பெயர் ரோஹிணி. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிள்ளைகளுக்குக் காட்டத்தான் இறக்கையைக் கொண்டுபோயிருந்தாள். விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் உட்கார்ந்து ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானம் செய்யலாம், பறக்கவிடக் கூடாது. அதனால் இங்கே செய்து, படப்பை தாண்டி ஒரு பொட்டல்வெளியில் மாதிரி விமானச் சங்கத்துக்காரர்களோடு பறக்கவிடுவாள். இதுவரை இரண்டு விமானங்கள் போயின. இரண்டும் வானத்திலேயே இறக்கை கிழிந்து விழுந்தன.

அம்மா லோகநாயகி தீர்ப்பு சொல்லிவிட்டாள். "மூணாவதும் விழுந்தா ஷெட்டைக் காலி பண்ணுடி. எதிர்வீட்டுக் கிளியம்மாள் தையல் மிஷின் போட இடம் கேட்கறா. அவ தைக்கிற ஜாக்கெட்டாவது உடம்புல நிக்கும்."

ரோஹிணிக்கு அந்த ஷெட்தான் உலகம். மரத்தூள் வாசனையும், தொங்கும் சட்டங்களும், அவள் மட்டும் புரிந்துகொள்ளும் குப்பையும்... அது போனால் ஞாயிற்றுக்கிழமைகளே போய்விடும்.

மறுநாள் ஜெயகிருஷ்ணன் ஒரு சுருள் பிலிமோடு வந்தான். அச்சு பிசகி ஒதுக்கிய சுருள். மேலாளரிடம் கேட்டு வாங்கியது. வெள்ளையில் நீல எழுத்து: 'சமன்படுத்திய பால். குளிர்ந்த இடத்தில் வைக்கவும்.'

"குளிர்ந்த இடம்னா எவ்வளவு உயரத்துல சார் பறக்கவிடணும்?" என்றாள் ரோஹிணி.

அவள் ஒரே அளவில் சட்டங்கள் அடித்து வைத்திருந்தாள். ஒன்றில் கடைசித் துண்டு வெளிநாட்டு பிலிம். ஒன்றில் பரிசுப்பொருள் சுற்றுகிற தாள். ஒன்றில் கல்யாணப் பத்திரிகைக்கும் ரேஷன் கார்டுக்கும் போடுகிற லேமினேஷன் பிலிம், இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து இறுக்கியது. கடைசிச் சட்டத்தில் பால் பிலிமை இழுத்துப் பசை போட்டார்கள். செங்கல்மேல் சட்டத்தை வைத்து நடுவில் டம்ளர் டம்ளராக மணல் கொட்ட வேண்டும். அப்பா ஸ்ரீரங்கன் நடுவர். எந்தப் பக்கம் காபி வருகிறதோ அந்தப் பக்கம் சாய்கிற நடுவர்.

பரிசுத்தாள் மணலைப் பார்த்ததும் கிழிந்தது. வெளிநாட்டுச் சரக்கு கொஞ்சம் தம் பிடித்து, நேற்றுக் கேட்ட அதே சத்தத்தோடு கிழிந்தது. ரோஹிணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். லேமினேஷன் அதற்கு மேல் நன்றாகவே தாங்கிவிட்டுக் கிழிந்தது.

பால் பிலிம் கிழியவில்லை. மணல் தீர்ந்தது. ஸ்ரீரங்கன் உள்ளே போய் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து வைத்தார். தாங்கியது. லோகநாயகி இட்லி மாவுப் பாத்திரத்தை வைத்தாள். தாங்கியது. பக்கத்து வீட்டுப் பூனை வந்து, ஊஞ்சல் என்று நினைத்து ஏறிப் படுத்து, மாலை நான்கு மணி வரை தூங்கியது. எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

ஜெயகிருஷ்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "சார், இந்த பிலிம் உங்க பொண்ணைக் கைவிட்டா, என் மீசையை எடுத்துடறேன்!"

ஸ்ரீரங்கன் மீசையை ஆராய்ந்தார். "எடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை தம்பி," என்றார். அப்போது அவர் கையில் மகள் போட்ட காபி இருந்தது.

ரோஹிணி தோற்றதை மறைக்கவில்லை. "சரி. சொன்னா சொன்னதுதான். உங்க பிலிமே போடறேன்," என்றாள்.

அந்த வாரம் வேலை முடிந்ததும் ஜெயகிருஷ்ணன் நேராகப் பொழிச்சலூர் வந்தான். அவள் பிலிமின் ஒரு ஓரத்தைப் பிடிப்பாள், இவன் மறு ஓரத்தை. "இழுங்க... இன்னும்... போதும்." இரண்டு பேரும் பேசும்போது தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கும். பொழிச்சலூரில் அப்போது எல்லாரும் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, சத்தம் போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடருவார்கள். தாம்பரத்துக்காரனுக்கு அது பழக்கமில்லை. அவன் பேசிக்கொண்டே இருப்பான். அவள் அவன் வாயசைவைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவன் பழகிக்கொள்ளவில்லை.

ஒருநாள் ஓரம் ஒட்டும்போது விரல்கள் உரசின. இருவரும் 'சாரி' சொன்னார்கள். பசை மட்டும் சொல்லவில்லை. பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

*

வெள்ளிக்கிழமை மழை விட்டது. அடுப்பைத் திறந்தது மாதிரி வெயில்.

தொழிற்சாலையில், பால் பிலிம் ஒட்டிய ஒரு சின்னச் சட்டத்தை ஜெயகிருஷ்ணன் பைக்கின் சீட்டில் வைத்திருந்தான். அவள் கையால் ஒட்டியது என்பதைத் தவிர அதைத் தூக்கிக்கொண்டு அலைய வேறு காரணம் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து பார்த்தான்.

பிலிம் தொய்ந்திருந்தது. பழைய பனியன் மாதிரி, நடுவில் குழி விழுந்து...

நிழலில் கொண்டுபோய் வைத்தான். காத்திருந்தான். விசிறினான். அது பழையபடி இறுகவில்லை.

பால் பாக்கெட் தொய்ந்தால் குற்றமில்லை. கிழியாமல் இருந்தால் போதும். அவன் ஆயுளெல்லாம் பார்த்த தரம் அதுதான். இறக்கை அப்படியில்லை. அது விறைப்பாக நிற்க வேண்டும். மழை நாளில், நிழலில் உட்கார்ந்து, மணல் கொட்டிக் குழவியேற்றி அவர்கள் சோதித்தது இறக்கையை இல்லை... பால் பாக்கெட்டை.

ஞாயிறு வெயிலில் அந்த இறக்கை தொய்யும். விமானம் விழும். ஷெட்டில் கிளியம்மாள் தைப்பாள்.

சொல்லாமல் விட்டால்? காற்றுமேல் பழி போய்விடும். யாருக்கும் தெரியாது. சொன்னால்... 'சுமார்தான்' என்று அவள் பிலிமைச் சொன்ன வாய், தன் பிலிமைப் பற்றி என்ன சொல்லும்? அதற்கப்புறம் அந்தத் தெருவுக்குப் போக அவனுக்கு என்ன காரணம் இருக்கும்?

ஒரு பிற்பகல் முழுக்க யோசித்தான். பிறகு நேராக முடிதிருத்தும் கடைக்குப் போய் உட்கார்ந்தான்.

மாலையில் பொழிச்சலூர் வீட்டுக் கதவைத் திறந்த லோகநாயகிக்கு அடையாளம் தெரியவில்லை. "நாங்க ஏற்கனவே வாட்டர் பில்டர் வாங்கிட்டோம்பா," என்றாள்.

ரோஹிணி எட்டிப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். மூக்குக்குக் கீழே, வெயில் படாத ஒரு வெள்ளைப் பட்டை. சிரிப்பு கிளம்பி வந்தது... பாதியிலேயே நின்றது.

"தோத்துட்டேங்க," என்றான் ஜெயகிருஷ்ணன். சட்டத்தை நீட்டினான்.

அவள் வாங்கி விரலால் தட்டினாள். தொப் என்றது. ஷெட்டுக்கு ஓடினாள். முழு இறக்கை இன்னும் வெயிலைப் பார்க்காததால் அழகாகவே நின்றது. அதுதான் இன்னும் வலித்தது.

"நாளைக்கு ஒருநாள்தான் இருக்கு... இப்ப வந்து சொல்றீங்க!"

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுதுங்க."

"கணக்கு டீச்சர் நான். எதை அளக்கணும்னு யோசிக்காம அளந்திருக்கேன். எனக்கே புத்தி இல்ல..." கத்தியை எடுத்தாள். 'சமன்படுத்திய பால்' நடுவில் பிளந்தது. "நீங்க போங்க, ப்ளீஸ். யாரையும் பார்க்கப் பிடிக்கலை."

அவன் வாசல்வரை போனான். மதிலோரம், சோதனைக்காக முதலில் அடித்த சட்டம் ஒன்று கிடந்தது. லேமினேஷன் ஒட்டியது, அளவு பிசகியதால் வேண்டாமென்று தூக்கிப் போட்டது. வாரம் முழுக்க மழையில் நனைந்து, இன்று முழுக்க வெயிலில் காய்ந்திருந்தது. கட்டைவிரல் சும்மா இருக்குமா? தட்டியது.

டங்.

ஷெட்டுக்குள் அழுதுகொண்டிருந்தவளுக்குக் கேட்டது. வெளியே வந்தாள். அவனைத் தள்ளிவிட்டு அவளும் தட்டினாள். டங்.

"அழுத்துங்க," என்றாள்.

"நானா? வேணாம்ங்க..."

"அழுத்துங்கன்னா!"

அழுத்தினான். விரல் உள்ளே போகவில்லை. எடுத்ததும் பிலிம் தன் இடத்துக்கு வந்தது. அவள் கன்னத்தில் கண்ணீர் இருந்தது, உதட்டில் வேறு ஏதோ இருந்தது. அவன் இரண்டையும் பார்க்காதது மாதிரி பார்த்தான்.

"காலையில சீக்கிரம் வந்துடுங்க," என்றாள். "இஸ்திரிப் பெட்டி பிடிக்கத் தெரியுமா?"

"என் சட்டையைப் பார்த்தா தெரியலையாங்க?"

"அதான் கேட்கறேன்."

*

ஞாயிற்றுக்கிழமை படப்பை தாண்டிய பொட்டலில் வெயில் நின்று விளையாடியது. ஒரு காக்கை தரையில் இறங்கி, கால் சுட்டு, வந்த வழியே போனது. சங்கத்துக்காரர்கள் ஒரு பக்கம். குடை நிழலில் ஸ்ரீரங்கன். பக்கத்தில் லோகநாயகி, தயிர்சாதத் தூக்கோடு. அவள் கைப்பையில் ஷெட்டை அளக்கிற டேப்பும் இருந்தது.

ஜெயகிருஷ்ணன் விமானத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி, விட்டான். அது ஒரு முறை தாழ்ந்தது. ரோஹிணியின் விரல் ரிமோட்டில் அசைந்தது. பிறகு... எழுந்தது.

கண்ணாடி மாதிரி இறக்கை. உள்ளிருக்கும் எலும்புகள் ஒவ்வொன்றும் வெயிலில் தெரிந்தன. முந்தைய இரண்டும் கிழிந்த உயரத்தைத் தாண்டியது. திரும்பியது. இன்னும் ஏறியது. இறக்கை தொய்யவில்லை.

சங்கத்துக்காரர்கள் கைதட்டினார்கள். லோகநாயகி டேப்பை மறந்து, "சாப்பிட்டுட்டுப் பறக்கவிட்டிருக்கலாம்," என்று மட்டும் சொன்னாள்.

ஜெயகிருஷ்ணன் மூச்சிரைக்க ரோஹிணி பக்கத்தில் வந்து நின்றான். விமானம் ஓட்டுகிறவள் கண்ணை அதிலிருந்து எடுக்கக் கூடாது. அதனால் அவள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தக் கண்களில் இன்று மை இருந்தது, நீலம் இருந்தது, மிகச் சின்னதாக ஒரு விமானமும் இருந்தது.

"என்னைப் பார்க்காதீங்க," என்றாள்.

"மேலதானே பாக்கறீங்க? எப்படித் தெரியும்?"

"தெரியுது." ரிமோட்டில் விரலை நகர்த்தினாள். "நான் ஒண்ணு சொல்லணும். இது பறக்கற வரைக்கும்தான் சொல்ல முடியும். கீழ இறங்கிட்டா உங்க முகத்தைப் பார்க்கணும்... அப்புறம் வராது."

"சொல்லுங்க."

"தேங்க்ஸ்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாம்னு நினைச்சேன். பத்தலை. அன்னிக்கு ஆட்டோவுல கிழிஞ்சது நல்லதுக்குத்தான். இல்லேன்னா மேல போய்க் கிழிஞ்சிருக்கும். ஆனா அதுக்காக இல்ல..." விமானம் ஒரு வட்டம் போட்டது. அவள் குரல் அதோடு சேர்ந்து திரும்பி வந்தது. "ரெண்டு தடவை விழுந்துச்சு. ரெண்டு தடவையும் எல்லாரும் வந்து, நாங்க அப்பவே சொன்னோமேன்னாங்க. விழறதுக்கு முன்னாடி, தப்பு என்னோடதுன்னு வந்து நின்னவர் நீங்க ஒருத்தர்தான். அதுவும் மீசை இல்லாம."

"அது வளர்ந்துடும்ங்க."

"வளரட்டும். நான்... நான் அதைப் பார்க்கணும். தினமும் பார்க்கணும்னு தோணுது." அவள் காது மடல் சிவந்தது. கண் மட்டும் வானத்தில். "உங்க மாதிரி ஒருத்தர் பக்கத்துல இருந்தா பயமில்லாம பறக்கலாம். விமானத்தைச் சொல்லலை."

எள் தீபம் ஏற்றிய சனிக்கிழமைகளில் ஒன்றில்கூட இப்படி ஒரு வரத்தைக் கேட்க அவனுக்குத் தோன்றியதில்லை. யாருக்கு நன்றி சொல்வது? சனீஸ்வரனுக்கா, மழைக்கா, கட்டைவிரலுக்கா...

"எனக்கு இந்த மாதிரி பேச வராதுங்க. பிலிம் பத்திக் கேட்டா மணிக்கணக்கா பேசுவேன்."

"அப்ப பிலிம் பத்தியே பேசுங்க."

"கிழியாம இருக்கறது பெரிசில்லைங்க," என்றான் மெதுவாக. "எவ்வளவு இழுத்தாலும், விட்டதும் தன் இடத்துக்கு வந்து நிக்கணும். அதான் நல்ல பிலிம். நானும் போன வாரத்திலேருந்து தாம்பரத்துக்குத்தான் போறேன்... வேலைக்குப் போறேன், வீட்டுக்குப் போறேன். ஆனா கண்ணை மூடினா உங்க ஷெட் வாசல்லதான் வந்து நிக்கறேன். என் இடம் இதுதான்னு நினைக்கறேன், ரோஹிணி."

பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் கண்கள் வானத்திலிருந்து இறங்கின. மெல்ல... அவசரமே இல்லாமல்... அவன் முகத்தில் வந்து நின்றன.

"ஏய், விமானத்தைப் பாருடி!" என்று குடைக்குக் கீழிருந்து லோகநாயகி கத்தினாள்.

இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. விமானத்தை அப்போது யாரும் ஓட்டவில்லை. அது தன்பாட்டுக்கு, நேராகப் பறந்துகொண்டிருந்தது.